டூட்டியில இருந்தா யார் வீட்டுத் தூணை வேணா இடிக்கலாமா?

கொரட்டூர்க்காரன்:
"அரசுப் பணியின்போது தனியார் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டால் அரசைக் கேட்க முடியாது. 1964-லேயே உச்ச நீதிமன்றம் முடித்து வைத்த விஷயம்." நேத்து ஓய்வுஏஇ (ஓய்வு பெற்ற உதவிப் பொறியாளர்) சார் இங்க இப்படி ரெண்டு வரி எழுதிட்டுப் போயிட்டார். படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது.

புரட்டாசி கடைசியில எங்க தெருவுல மழைநீர் வடிகால் தோண்டினாங்க. காலைல ஆறரை மணி. அம்மா கோலம் போட்டுட்டு உள்ள வந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. ஜேசிபி பின்னாடி திரும்பும்போது அந்த வாளி எங்க கேட் தூண்ல இடிச்சது. தூண் கேட்டோட உள்பக்கம் சாய்ஞ்சு சம்ப் (தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டி) மூடி மேல விழுந்தது. மூடி ரெண்டா உடைஞ்சு, சேறு முழுக்க சம்ப்புக்குள்ள. கோலத்து மேல செங்கல். ரெண்டு நிமிஷம் முந்தி நடந்திருந்தா நான் இங்க எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஆபீஸ்ல காண்ட்ராக்டரைக் கேளுங்கன்னாங்க. காண்ட்ராக்டர், இன்ஜினியர் காட்டின இடத்துலதான் தோண்டினேன்னார். மேஸ்திரி 41,000 ரூபாய் ஆகும்னார். மனு இன்னும் நிலுவையில இருக்கு, அதனால எந்தத் துறைன்னு எழுதலை. இதையா சார் 1964-லேயே முடிச்சு வச்சாங்க?

ஓய்வுஏஇ:
31 வருடம் களத்தில் நின்றவன் நான். இப்படிப்பட்ட மனுக்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போயிருக்கும். கேட்டுக்கு வெளியே கார் ஏற்றச் சாய்தளம் போட்டிருந்தீர்களா, இல்லையா? எத்தனை அடி?

கொரட்டூர்க்காரன்:
இடிஞ்சது தூண். நீங்க கேக்கிறது சாய்தளம்.

ஓய்வுஏஇ:
கேள்விக்குப் பதில் வரவில்லை. எத்தனை அடி?

பாரிமுனைவக்கீல்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. அந்த 1964 வழக்கு என்னன்னு யாராவது படிச்சீங்களா? கஸ்தூரிலால் வழக்கு. 1947 செப்டம்பர், அமிர்தசரஸ் வியாபாரி ஒருத்தர் தங்கம் வெள்ளி விக்க மீரட் போறார். ராத்திரியில போலீஸ் பிடிச்சு, நூறு தோலாவுக்கு மேல தங்கத்தையும் வெள்ளியையும் வாங்கி வச்சுக்கிச்சு. அவரை விட்டாச்சு, வெள்ளியும் திரும்பி வந்தது. தங்கம் வரலை. பொருளுக்குப் பொறுப்பா இருந்த ஏட்டு அதை எடுத்துக்கிட்டு பாகிஸ்தான் போயிட்டார். கைது, பறிமுதல் எல்லாம் இறையாண்மை அதிகாரத்துல செய்யிற வேலை, அதனால அரசு பணம் தர வேண்டாம்னு 5 நீதிபதிகள் சொன்னாங்க. சட்டம் இப்படி இருக்கிறது சரியில்லை, மாத்துங்கன்னும் அதே தீர்ப்புல எழுதினாங்க. அதை மட்டும் யாரும் சொல்றதில்லை.

இறையாண்மை வேலைன்னா அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை. வடிகால் தோண்டுறது அதுல வராது. 1861-ல கல்கத்தா கிதிர்பூர் கப்பல் பட்டறை ஆளுங்க இரும்புச் சாமானைப் போட்டு ஒரு குதிரைக்குக் காயம். வெள்ளைக்காரன் காலத்துலேயே அந்த 350 ரூபாயை அரசு கட்டணும்னு கோர்ட்டு சொல்லியாச்சு.

ஓய்வுஏஇ:
வக்கீல் சார் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். கஸ்தூரிலால் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டதா? இல்லை. ஐந்து நீதிபதி அமர்வு. செல்லும்.

பாரிமுனைவக்கீல்:
நேரடியா ரத்து பண்ணலைங்கிறது சரி. ஆனா 1994 நாகேந்திர ராவ் வழக்குல, பறிமுதல் பண்ணின உரமும் தானியமும் கிடந்து வீணாப் போனதுக்கு ஆந்திர அரசு இழப்பீடு தரணும்னு தீர்ப்பு. அதுவும் பறிமுதல்தான். 1999-ல மூணு நீதிபதி அமர்வு, கஸ்தூரிலால் தீர்ப்போட வலு தேய்ஞ்சு போச்சுன்னே சொல்லியிருக்கு.

ஓய்வுஏஇ:
வலு தேய்வது வேறு, ரத்து வேறு. நான் சொன்னது நின்றுவிட்டது. இப்போது சாய்தளம் எத்தனை அடி என்று அவர் சொல்லட்டும்.

கொரட்டூர்க்காரன்:
ரெண்டரை அடி. போதுமா? எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் இருக்கு. ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாம மேல மேல போட்டு, எங்க வீட்டு வாசலே பள்ளத்துல இருக்கு. சாய்தளம் இல்லாம வண்டி எப்படி ஏறும்? அது கிடக்கட்டும். தூண் என் எல்லைக்கு உள்ள நிக்குது. பட்டா இருக்கு, எல்லைக்கல் இருக்கு.

ஓய்வுஏஇ:
ஆக, ரெண்டரை அடி ஆக்கிரமிப்பு. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அந்த ரெண்டரை அடி இல்லையென்றால் ஜேசிபி உங்கள் தூண் பக்கமே வந்திருக்காது. சாய்தளத்தை உடைப்பதற்காகத்தான் வண்டி அங்கே நெருங்கியது.

கொரட்டூர்க்காரன்:
சாய்தளத்தை அன்னைக்குத் தொடவே இல்லை சார்! அது இன்னைக்கும் அப்படியே இருக்கு. எதிர்பக்கம் மண்ணை லாரியில கொட்டத் திரும்பும்போது இடிச்சது. உங்களுக்குச் சாய்தளம் மட்டும்தான் கண்ணுல படுது.

மடிப்பாக்கம்72:
2024 நவம்பர் 13 உச்ச நீதிமன்றத்தோட புல்டோசர் தீர்ப்பு இருக்கே. 15 நாள் நோட்டீஸ் இல்லாம இடிச்சா அதிகாரி சொந்தக் காசுல திரும்பக் கட்டித் தரணும்னு நீதிபதி கவாய் அமர்வு சொன்னதே? நோட்டீஸ் கொடுத்தாங்களா?

ஓய்வுஏஇ:
தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். சாலை, தெரு, நடைபாதையில் இருக்கிற அனுமதியில்லாத கட்டுமானத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அதிலேயே இருக்கிறது. ரெண்டரை அடி எங்கே இருக்கிறது? தெருவில்.

பாரிமுனைவக்கீல்:
அந்த விலக்கு இருக்கிறது உண்மைதான். ஆனா அது தெருவுல இருக்கிற கட்டுமானத்துக்கு. தூணுக்கு இல்லை. தவிர, அது ஆக்கிரமிப்புன்னு முடிவு பண்ணி இடிக்கிறது பத்தின தீர்ப்பு. இவர் விஷயம் வெறும் கவனக்குறைவு, ரெண்டையும் கலக்காதீங்க.

ஓய்வுஏஇ:
தூண் விழுந்ததற்குக் காரணம் சாய்தளம்.

சிந்தாதிரிப்பேட்டைஅக்கா:
சார், 2017 ஜனவரி 23, மெரினா போராட்டம் கலைஞ்ச அன்னைக்கு நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிஞ்சதே. ஆட்டோ, குடிசைக்கு யார் தீ வச்சாங்கன்னு வீடியோவா வந்து ஊரே பாத்துச்சு. நீதிபதி ராஜேஸ்வரன் ஆணையம் வச்சு விசாரிச்சாங்க. அங்க மீன் வித்த பொம்பளைங்க எத்தனை அடி சாய்தளம் போட்டிருந்தாங்க? அதையும் சொல்லிடுங்க.

ஓய்வுஏஇ:
அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. இது திட்டப் பணி. சம்பந்தமில்லாததை இழுக்காதீர்கள்.

சிந்தாதிரிப்பேட்டைஅக்கா:
ஏழைப்பட்டவங்க பேச்சு வந்தா மட்டும் உங்களுக்குச் சம்பந்தம் இல்லாமப் போயிடும். போன வருஷம் தண்ணி லாரி விஷயத்துலயும் இதேதான் சொன்னீங்க. நான் மறக்கலை.

ஓய்வுஏஇ:
2015 டிசம்பரில் இந்த ஊர் மூழ்கியபோது மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் நான். இங்கே எழுதுகிற பாதிப் பேர் அப்போது சொந்தக்காரர் வீட்டு மாடியில் இருந்திருப்பீர்கள். வடிகால் வேண்டும், ஆனால் வாசலில் தோண்டக் கூடாது. ஒவ்வொரு கீறலுக்கும் அரசு பணம் கட்ட ஆரம்பித்தால் நாளை எந்த ஊழியனும் கடப்பாரையைத் தொட மாட்டான்.

மடிப்பாக்கம்72:
நீங்க நின்னதுக்கு மரியாதை உண்டு சார். அதுக்காக அடுத்தவன் தூணை இடிக்கலாம்னு ஆகாது. விபத்து இழப்பீடு கட்டலைன்னு அரசு பஸ்ஸையே கோர்ட்டு அமீனா வந்து ஜப்தி பண்றதை நாம பேப்பர்ல படிக்கிறோமே. அப்ப எங்க போச்சு உங்க கஸ்தூரிலால்?

ஓய்வுஏஇ:
பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. கழகம் தனி நிறுவனம், அரசு அல்ல. இதுகூடத் தெரியாமல் பேச வந்துவிடுகிறீர்கள். வேளச்சேரி ஏரி விவாதத்திலும் தவறாக எழுதிவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போனவர்தானே நீங்கள்?

மடிப்பாக்கம்72:
அந்த விவாதத்துல தப்பா எழுதினது நீங்க.

பாரிமுனைவக்கீல்:
சரி, கழகம் வேண்டாம். கலெக்டர் ஜீப் அரசுடையதுதானே? உதய்ப்பூர்ல ஒர்க்‌ஷாப்புல இருந்து வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்த அரசு டிரைவர், வழியில ஒருத்தரை இடிச்சுக் கொன்னுட்டார். ராஜஸ்தான் அரசு பொறுப்புன்னு 1962-ல தீர்ப்பு, வித்யாவதி வழக்கு. அதுவும் 5 நீதிபதிகள்தான்.

கொரட்டூர்க்காரரே, இவங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க. அரசு மேல வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவுல ரெண்டு மாச நோட்டீஸ் கொடுக்கணும். சட்டப்படி செஞ்ச வேலைன்னு அவங்க சொன்னா, காலவரம்பு ஒரே வருஷம்தான். காண்ட்ராக்டரையும் பிரதிவாதியாச் சேருங்க. 'நல்லெண்ணத்துல செஞ்சது'ன்னு பதில் வரும், பல சட்டங்கள்ல அந்தப் பிரிவு இருக்கு. தெரு முனையில சிசிடிவி இருந்தா பதிவை இப்பவே வாங்கி வைங்க, அழிஞ்சிடும்.

ஓய்வுஏஇ:
41,000-க்கு வழக்கு. வக்கீல் ஃபீஸ் எவ்வளவு என்று அதையும் சொல்லிவிடுங்கள்.

பாரிமுனைவக்கீல்:
நான் இங்க யார்கிட்டயும் கேஸ் கேக்கலை. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்குங்க.

ஓய்வுஏஇ:
கேள்வி கேட்டால் கோபம் வருகிறது. நான் எதையும் திரும்ப வாங்குவதாக இல்லை.

கொரட்டூர்க்காரன்:
சார், உங்களைத் தனிப்பட்ட முறையில எனக்குத் தெரியாது, விரோதமும் இல்லை. ஒருத்தர் வந்து பார்த்து, "தப்பு நடந்துபோச்சு, இந்தத் தேதிக்குள்ள கட்டித் தர்றோம்"னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மூணு தடவை ஆபீஸ் வாசல்ல நின்னேன். மூணாவது தடவை மனு நம்பர் கேட்டாங்க. முதல் தடவை கொடுத்த மனுவுக்கு நம்பரே போடலை. அம்மா இன்னைக்கும் வாசலுக்குக் கோலமாவோட போனா, முதல்ல தெருவுல வண்டி நிக்குதான்னு எட்டிப் பார்த்துட்டுதான் உட்கார்றாங்க. கேட் இருந்த இடத்துல தகரம் கட்டி வச்சிருக்கேன். ராத்திரி மாடு முட்டினா வீடே எழுந்துக்குது. இதெல்லாம் அந்த ரெண்டரை அடிக்குள்ள வருமா?

ஓய்வுஏஇ:
வருத்தம்தான். ஆனால் வருத்தம் வேறு, சட்டம் வேறு. ரெண்டரை அடி ரெண்டரை அடிதான்.

கொரட்டூர்க்காரன்:
நாளைக்கு டேப்பை வச்சு அளந்து படம் போடறேன். எல்லைக்கல்லுலேர்ந்து தூண் எவ்வளவு உள்ள இருக்குன்னு எல்லாரும் பாருங்க.

ஓய்வுஏஇ:
சாய்தளத்தையும் சேர்த்து அளந்து போடவும்.