முன்பல் கொம்போசிட்: உருண்டைத் துகளா, அரைத்த கண்ணாடியா?

வெள்ளவத்தைப் பல்:
இங்கே ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். முன்பல்லுக்குக் கொம்போசிட் (பல் நிறத்தில் நிரப்பும் பிசின்-துகள் கலவை) நிரப்பி ஆள் கதிரையை விட்டு எழும்பும்போது நல்ல மினுக்கம், பிறகு செக்கப்புக்கு வரும்போது பார்த்தால் மங்கி, ஓரத்தில் தேத்தண்ணீர்க் கறையும் பிடித்திருக்கிறது. பொலிஷில் குறை வைப்பதில்லை. நாங்கள் பாவிப்பது அரைத்த பேரியம் கண்ணாடி போட்ட பழைய ஹைபிரிட் (பெரிய, சிறிய துகள்கள் கலந்த வகை). உருண்டைத் துகள் உள்ளதை எடுக்கச் சொல்லி சப்ளையர் நிற்கிறார், விலையும் கூட. வடிவம் உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் காட்டுமா?

கொட்டாஞ்சேனை:
தம்பி, வடிவத்துக்கு முதல் அளவைப் பாருங்கள். பல் தீட்டத் தீட்ட முதலில் தேய்வது ரெசின் (துகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின்), துகள் துருத்திக்கொண்டு நிற்கும், அப்புறம் கழன்று விழும், விழுந்த இடத்தில் அதே அளவுக்குக் குழி. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குழி அதைவிடச் சிறியதென்றால் மினுக்கம் நிற்கும். பழைய ஹைபிரிட்டில் 1 மைக்ரோனைத் தாண்டிய துண்டுகள் தாராளமாக உண்டு, கறையும் அந்தக் கரடுமுரடில்தான் ஏறுகிறது.

பல்லும் சொல்லும்:
அண்ணா சொன்னது சரி, ஆனால் வடிவத்தைத் தள்ளிவிட முடியாது. உருண்டைத் துகளை அரைத்து எடுப்பதில்லை, சோல்-ஜெல் முறையில் கரைசலிலிருந்தே வளர்க்கிறார்கள். எஸ்டெலைட் சிக்மா என்ற கொம்போசிட்டில் சிலிக்காவும் சிர்கோனியாவும் சேர்ந்த 0.2 மைக்ரோன் உருண்டைகள். சிர்கோனியா இருப்பதால்தான் எக்ஸ்ரேயில் தெரியும், வெறும் சிலிக்கா தெரியாது. கூர்முனை இல்லாததால் கடிக்கும் விசை ஒரு மூலையில் குவியாது. ஆனால் உருண்டை ரெசினைக் கவ்விப் பிடிக்காது, துகளையும் ரெசினையும் ஒட்டவைக்கும் சிலேன் பூச்சை நம்பித்தான் நிற்கிறது, அந்தப் பிணைப்பை வாயின் ஈரம் மெல்ல மெல்ல அறுக்கும்.

வெள்ளவத்தைப் பல்:
அப்படியென்றால் மிகப் பொடியான துகள் போட்ட மைக்ரோஃபில்லே போதாதா? 0.04 மைக்ரோன் தானே.

கொட்டாஞ்சேனை:
மினுக்கத்துக்கு அதை அடிக்க முடியாது. ஆனால் அவ்வளவு பொடியான துகளுக்கு மேற்பரப்பு மிக அதிகம், கொஞ்சம் சேர்த்தாலே பேஸ்ட் இறுகிவிடும், அதனால் ஃபில்லர் (ரெசினில் கலக்கும் துகள்) குறைவு, கடி விழும் விளிம்பில் சில்லுச் சில்லாக உடையும். ஃபில்டெக் சுப்ரீம் என்ற கொம்போசிட்டில் நானோத் துகள்களைக் கொத்தாக்கிப் போட்டது இதற்காகத்தான், தேயும்போது கொத்து முழுதாகக் கழராமல் பொடிப்பொடியாக உதிரும்.

என்னைக் கேட்டால் முன்பல்லுக்கு உருண்டையை எடுங்கள், கடைவாய்க்கு இருக்கிற ஹைபிரிட் போதும், வீண் செலவு வேண்டாம். சப்ளையரிடம் ஃபில்லர் எவ்வளவு என்று கேட்கும்போது எடைச் சதவீதத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பேரியம் கண்ணாடி பாரம் கூடியது, எடையில் பெரிதாகக் காட்டும். கனவளவுச் சதவீதத்தைக் கேட்டு வாங்குங்கள்.