ஆய்வகத்தில் தேறிய மாத்திரை பெரிய பிளெண்டரில் தேறவில்லை: டிசால்யூஷன் (மருந்து கரையும் அளவு) 94% இருந்தது, இப்போது 71%

வெண்தூள் (கேள்வி)

வணக்கம். டைரக்ட் கம்ப்ரஷன் (தூளை நேரடியாக அழுத்தும்) மாத்திரை, எடை 250 மி.கி. மருந்து 50, நிரப்பிகளாக மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் (102 கிரேடு) 120, ஸ்ப்ரே டிரைடு லாக்டோஸ் 68.75, மாத்திரையை உடைக்க குரோஸ்கார்மெல்லோஸ் சோடியம் 7.5, தூள் ஓட கொலாய்டல் சிலிக்கா 1.25, அச்சில் ஒட்டாமலிருக்க லூப்ரிகண்டாக மக்னீசியம் ஸ்டியரேட் 2.5 மி.கி.

5 லிட்டர் வி-பிளெண்டரில் நிமிடத்துக்கு 25 சுற்று, ஸ்டியரேட் போட்டபின் 3 நிமிடம். டிசால்யூஷன் 30 நிமிடத்தில் 94%. இப்போது 200 லிட்டர் பிளெண்டர், 15 சுற்று, ஸ்டியரேட்டுடன் 10 நிமிடம், ஃபோர்ஸ் ஃபீடர் (துடுப்பால் தூளைத் தள்ளும் பகுதி) வைத்த ரோட்டரி பிரஸ். 71% தான் வருகிறது, தேற வேண்டிய அளவு (க்யூ) 80%. கரைசல் 900 மி.லி. பிஎச் 6.8 பாஸ்பேட், பேடில் 50 சுற்று. மாத்திரை உடையும் நேரம் 4 நிமிடம் இருந்தது, இப்போது 11. அதே 12 கிலோநியூட்டன் விசையில் ஹார்ட்னெஸ் 9 கிலோபாண்டிலிருந்து 6 ஆகிவிட்டது. எல்லாப் பொருளும் அதே லாட்.

குரோஸ்கார்மெல்லோஸை 5 சதவீதமாக்கி, ஹார்ட்னெஸுக்காக விசையை 16-க்கு ஏற்றலாமா?

பிரஸ்_ரூம்

விசையை ஏற்றாதீங்க. மாத்திரை கெட்டியாகி மெதுவாகக் கரைந்தால் அது அழுத்தம் கூடிய பிரச்சினை. உங்களுக்கு மாத்திரை மெத்தென்றும் ஆகிறது, மெதுவாகவும் கரைகிறது. இரண்டும் ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டியரேட் அளவுக்கு மீறிக் கலந்ததைத்தான்.

ஸ்டியரேட் தகடு தகடாக உரியும் பொருள், தண்ணீரை ஒட்டவிடாது. கலக்கக் கலக்க ஒவ்வொரு துகள் மேலும் படலமாகப் பரவும். துகளுக்கும் துகளுக்கும் பிடிப்பு போய்விடும், அதனால் ஹார்ட்னெஸ் இறங்கும். தண்ணீர் உள்ளே நுழையத் தாமதமாகும். குரோஸ்கார்மெல்லோஸ் எவ்வளவு இருந்தாலும் நனைந்தால்தானே உப்பும்? செல்லுலோஸ் நசுங்கும் ரகம் என்பதால் அழுத்தும்போது புதிய சுத்தமான பரப்பு அதிகம் கிடைக்காது. லாக்டோஸும் டைகால்சியம் பாஸ்பேட்டும் நொறுங்கும் ரகம், அவை இந்தப் படலத்தைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் கலவையில் கிட்டத்தட்ட பாதி செல்லுலோஸ்.

நிமிடத்தைப் பார்க்காமல் சுற்றுகளை எண்ணுங்க. ஆய்வகத்தில் 75 சுற்று, இங்கே 150. பெரிய பிளெண்டரில் தூள் விழும் உயரமும் மேலிருந்து அழுத்தும் எடையும் கூடுதல் என்பதால், ஒவ்வொரு சுற்றின் தேய்ப்பும் அதிகம். அதன்பின் ஃபீடர் துடுப்பு வேறு அதே வேலையைத் தொடர்கிறது.

கரைசல்மேசை

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் முடிவுகட்டும் முன் ஒன்று தெரிய வேண்டும்: 60 நிமிடத்தில் எவ்வளவு வருகிறது? மருந்து அமீனா (காரத்தன்மை உள்ள நைட்ரஜன் சேர்மமா)? குரோஸ்கார்மெல்லோஸ் எதிர்மின் ஏற்றமுள்ளது. காரத்தன்மை உள்ள மருந்தை ஓரளவு பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படியானால் வளைகோடு எழுபதுகளில் தட்டையாகி நின்றுவிடும். நனைவதுதான் சிக்கல் என்றால் தாமதமானாலும் நூறை நெருங்கும்.

இன்னொரு சோதனை: கரைசலில் 0.5% சோடியம் லாரில் சல்பேட் (நனைய உதவும் பொருள்) சேர்த்து 6 மாத்திரை ஓட்டிப் பாருங்கள். வேகம் பழைய நிலைக்குத் திரும்பினால் படலம்தான் காரணம். பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் இதைச் செய்ய வேண்டாம், பொட்டாசியம் டோடெசில் சல்பேட்டாக வீழ்படிவாகிவிடும். சோடியம் பாஸ்பேட்டில் தயாரியுங்கள். மருந்தின் கரைதிறனையே லாரில் சல்பேட் கூட்டக்கூடும் என்பதால், பழைய ஆய்வக மாத்திரையையும் அதே கரைசலில் பக்கத்தில் ஓட்டினால்தான் ஒப்பிட முடியும்.

வெண்தூள்

60 நிமிடத்தில் 97% வந்துவிடுகிறது. மருந்து செகண்டரி அமீன், ஹைட்ரோகுளோரைடு உப்பு.

பிளெண்டரிலிருந்து இடையிடையே எடுத்து, ஒற்றைப் பன்ச் (ஒரே அச்சுள்ள) பிரஸ்ஸில் 12 கிலோநியூட்டனில் அழுத்தினேன். 30 சுற்று: 9 கிலோபாண்டு, 92%. 75 சுற்று: 7.5, 84%. 150 சுற்று: 6.5, 75%. ரோட்டரி பிரஸ்ஸில் வந்தது அதே 6, 71%.

பிரஸ்_ரூம்

அப்போ காரணம் உறுதி. பிளெண்டர்தான் பெரும்பங்கு, மிச்சம் ஃபீடர்.

வரிசையை மாற்றுங்க. சிலிக்காவை முதலிலேயே மருந்தோடும் கொஞ்சம் செல்லுலோஸோடும் சேர்த்து 40 மெஷ்ஷில் சலித்து, லாக்டோஸ், குரோஸ்கார்மெல்லோஸ், மீதி செல்லுலோஸ் எல்லாவற்றோடும் கலந்து முடித்துவிடுங்க. ஸ்டியரேட் கடைசி: 60 மெஷ்ஷில் தனியாகச் சலித்து, தூளின் மேல் பரவலாகத் தூவி, 3 நிமிடம், அதாவது 45 சுற்று. பிளெண்டர் 50 முதல் 70 சதவீதம் நிறைந்திருக்கட்டும்.

அளவை 0.75 சதவீதமாக்கலாம்: 1.875 மி.கி. குறைந்த 0.625-ஐ நிரப்பிக்குக் கொடுங்க. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 1995 சூபாக் வழிகாட்டியில் (ஒப்புதலுக்குப் பின் செய்யும் மாற்றங்களுக்கானது) ஸ்டியரேட்டுக்கு 0.25 சதவீதப்புள்ளி வரை முதல் நிலை, அதாவது தரத்தைப் பாதிக்க வாய்ப்பில்லாத சிறு மாற்றம். குரோஸ்கார்மெல்லோஸை 3-லிருந்து 5 ஆக்கினால் அதே வழிகாட்டியின் 1 புள்ளி எல்லையைத் தாண்டிவிடும், பலனும் குறைவு.

குறைத்தபின் பன்ச் முகத்தையும் எஜெக்‌ஷன் (மாத்திரையை வெளியே தள்ளும்) விசையையும் முதல் அரைமணி நேரம் விடாமல் பாருங்க. மாத்திரை ஓரத்தில் நெடுக்குக் கோடு, டையிலிருந்து (அச்சுக்குழி) கீச்சுச் சத்தம், எழுத்துப் பள்ளத்தில் தூள் ஒட்டுவது தெரிந்தால் அளவு போதவில்லை. ஃபீடர் வேகம், எடை மாறாமல் நிற்கும் குறைந்தபட்சம் போதும். பிரஸ்ஸை மெதுவாக்கிவிட்டு ஃபீடரை அதே வேகத்தில் விடாதீங்க. தூள் உள்ளேயே நின்று அரைபடும்.

கரைசல்மேசை

டிசால்யூஷன் சரியாகிவிடும். ஆனால் எனக்குப் பெரிய கவலை இப்போது வேறு. செகண்டரி அமீனும் லாக்டோஸும் ஒரே மாத்திரையில் இருக்கின்றன. லாக்டோஸ் ஒடுக்கும் சர்க்கரை. அமீனோடு மெயிலார்ட் வினை நடந்து பழுப்பேறும். ஃபுளுவாக்செட்டின் ஹைட்ரோகுளோரைடு விஷயத்தில் இது நன்கு அறியப்பட்டது. ஈரமும், ஸ்டியரேட் தரும் லேசான காரத்தன்மையும் இதை வேகப்படுத்தும். 40 டிகிரி, 75% ஈரப்பதத்தில் வைத்த மாதிரிகளில் நிறத்தோடு நிற்காமல், ஹெச்.பி.எல்.சி.யில் (சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை) புதிய பீக் வருகிறதா என்றும் பாருங்கள்.

மாற்றுவதானால் மேனிட்டால் ஒடுக்கும் சர்க்கரை அல்ல. ஆனால் அது டையில் இறுகிப் பிடிக்கும், லூப்ரிகண்ட் கூடுதலாகக் கேட்கும். ஸ்டியரேட்டைக் குறைக்கும் திட்டத்தோடு மோதும். அங்கே சோடியம் ஸ்டியரில் ஃபியூமரேட் 1 முதல் 2% நல்ல வழி. நீரை அவ்வளவு விலக்காது, அதிகம் கலந்தாலும் இந்த அளவு பாதிப்பு வராது.

நிரப்பியை மாற்றினால் டிசால்யூஷன் ஒப்பீட்டை முழுதாகச் செய்யுங்கள். 1968-ல் ஆஸ்திரேலியாவில் ஃபெனிட்டாயின் கேப்சூலில் கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு அதேதான். ஆனாலும் ரத்தத்தில் அளவு ஏறி, நோயாளிகளுக்கு நச்சு அறிகுறிகள் வந்தன.

வெண்தூள்

நன்றி. லாக்டோஸ் மாதிரிகளை இன்றே ஸ்டெபிலிட்டி சேம்பரில் வைக்கிறேன், மேனிட்டால் சோதனையும் கூடவே. ஸ்டியரேட் அடுத்த லாட் வேறு சப்ளையரிடமிருந்து வருகிறது. சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

பிரஸ்_ரூம்

துகள் அளவையும் ஸ்பெசிஃபிக் சர்ஃபேஸ் ஏரியாவையும் (ஒரு கிராமுக்கான பரப்பு) கேளுங்க. மெல்லிய ரகம் அதே எடையில் அதிகப் பரப்பை மூடும், அதனால் 45 சுற்று என்ற கணக்கு அந்த லாட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். ஸ்டியரிக், பால்மிட்டிக் அமில விகிதமும் உலர்த்தலில் எடை இழப்பும் பழைய லாட்டுக்கு அருகில் இருக்கட்டும். எப்படி இருந்தாலும் அந்த 30, 75, 150 சுற்றுச் சோதனையைப் புது லாட்டில் ஒருமுறை ஓட்டிவிட்டே உற்பத்திக்கு எடுங்க.