பாங்காக் - புனோம் பென் பஸ் எங்கே பதிவு செய்வது? அவசரம்

வைகைக்கரை:
வணக்கம். 12 நாளில் ஐந்து தலைநகரம் பார்க்கப் போகிறோம்: கோலாலம்பூர், பாங்காக், வியஞ்சான் (லாவோஸ்), புனோம் பென் (கம்போடியா), ஹனோய். தீவு, கடற்கரை எதுவும் இல்லை, நகரங்கள் மட்டும். போக, வர விமான டிக்கெட் போட்டாயிற்று. நடுவில் எல்லாம் ரயில், பஸ். பாங்காக்கிலிருந்து புனோம் பென்னுக்கு எந்தத் தளத்தில் தேடினாலும் பஸ் காட்டவில்லை. இரண்டு வருஷம் முன்பு நண்பன் அதில்தான் போனான். எங்கே பதிவு செய்வது? இன்று இரவுக்குள் முடித்தாக வேண்டும்.

வடமராட்சி:
தம்பி, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு? எந்த மாதம்? அது தெரியாமல் ஒன்றும் சொல்லேலாது. இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் சிங்கப்பூரையும் சேர்த்துக்கொள்ளுங்கோ, விசா எடுக்கத் தேவையில்லை.

ரயில்நேசன்:
பஸ்ஸை விடுங்கள். பாங்காக்கிலிருந்து வியஞ்சானுக்கே நேரடி இரவு ரயில் 2024 ஜூலையிலிருந்து ஓடுகிறது. பாங்காக்கின் குருங் தேப் அபிவத் நிலையத்தில் இரவு எட்டரை வாக்கில் ஏறினால் மறுநாள் காலை ஒன்பதுக்கு வியஞ்சானின் கம்சவத் நிலையம். தாய்லாந்து எல்லையில் இருக்கும் நோங் காய் வந்ததும் பெட்டி படுக்கையோடு எல்லோரையும் இறக்கி, தாய்லாந்து முத்திரை குத்தி, மறுபடி ஏற்றுவார்கள். அதன் பிறகு ரயில் மீகாங் பாலத்தில் மெதுவாக ஊர்ந்து போகும். அந்தக் காலை வெயிலில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே எல்லை தாண்டுவதற்காகவே நான் இரண்டு முறை போனேன்.

நடைவண்டி:
கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் புரட்டியிருக்கலாம். தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் 2025-இல் சண்டை வந்தபின் தரைவழிக் கடவைகளை மூடிவிட்டார்கள். பஸ் காட்டாததற்கு அதுதான் காரணம். பாஸ்போர்ட், தேதி, யார் யார் போகிறீர்கள், திரும்பும் டிக்கெட் எந்த ஊரிலிருந்து, இந்த நான்கும் இல்லாமல் பயணக் கேள்வி கேட்பதில் பொருளே இல்லை. பத்து வருஷமாக இதையேதான் சொல்லி வருகிறேன்.

செல்லம்மாள்_பேத்தி:
நடைவண்டி அண்ணா, முதல் முறை கேட்கிறவரிடம் கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாமே. வைகைக்கரை, தேதி மட்டுமாவது சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மன்னிக்கவும், ஆபீஸில் இருந்து அவசரமாகப் போட்டேன். இந்தியப் பாஸ்போர்ட். ஏப்ரல் 10 சென்னையிலிருந்து கோலாலம்பூர், 21 இரவு ஹனோயிலிருந்து திரும்புகிறோம். வியட்நாம் இ-விசா வந்துவிட்டது, நுழையும் இடம் மொக் பாய் என்று கொடுத்தேன். புனோம் பென்னிலிருந்து ஹனோய்க்கு அந்த வழிதானே?

நடைவண்டி:
வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மொக் பாய் வழியாகப் போனால் வருவது ஹோ சி மின் நகரம், பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். தலைநகரமான ஹனோய் அங்கிருந்து ரயிலில் 1,726 கிலோமீட்டர், ஒன்றரை நாள் ஆகும். ஒற்றை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு வேறு வாயிலில் போய் நிற்கவும் முடியாது. அதில் எழுதியிருக்கும் வாயில்தான்.

செல்லம்மாள்_பேத்தி:
விசாவை விடப் பெரிய விஷயம் தேதி. ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்க்ரான், தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் புத்தாண்டு. அதையொட்டியே லாவோசில் பி மாய் புத்தாண்டு, கம்போடியாவிலும் புத்தாண்டு. நம் சித்திரை ஒன்றும் அதுவும் ஒரே கணக்கு. சூரியன் மேஷத்துக்கு வருகிற நாள், சொங்க்ரான் என்ற சொல்லே சங்கராந்திதான். நீங்கள் போகிற ஐந்தில் மூன்று ஊர் ஒரே வாரத்தில் கொண்டாட்டத்தில் இருக்கும். பாங்காக்கிலிருந்து ஊருக்குப் போகிற ரயிலெல்லாம் தீபாவளி நேரத்து எழும்பூர் மாதிரி முன்பே நிரம்பிவிடும். புனோம் பென்னில் நேர்மாறு, ஜனங்கள் கிராமத்துக்குப் போய்விடுவதால் கடைகள் பாதி பூட்டியிருக்கும்.

நான் ஒரு சொங்க்ரானுக்கு பாங்காக்கின் சீலோம் சாலையில் மாட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் தலையிலிருந்து செருப்பு வரை நனைந்தாயிற்று, கன்னத்தில் வெள்ளை மாவுக் குழம்பு. பாஸ்போர்ட்டை நெகிழிப் பையில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததால் அது மட்டும் பிழைத்தது. இரண்டு நாள் அப்படி ஆனந்தமாக இருக்கலாம், ஆனால் அந்த நாட்களில் ஊர் மாறிப் பயணம் செய்யாதீர்கள்.

வடமராட்சி:
இந்தியக் கடவுச்சீட்டு என்றால் நான் சிங்கப்பூர் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கோ. உங்களுக்கு விசா எடுக்க வேணும்.

ரயில்நேசன்:
சொங்க்ரானுக்கு முன்பே தாண்டிவிடலாமே? 11-ஆம் தேதி கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயில் ஏறி எல்லையில் இருக்கும் பாடாங் பெசார், அங்கே ஒரே நிலையத்துக்குள் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். மாலையில் தாய்லாந்து ரயில். கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னால் போவதால் பதற்றம் இல்லை. 12 காலை பாங்காக், அன்று இரவே வியஞ்சான் ரயில்.

வைகைக்கரை:
அம்மாவும் வருகிறார்கள். 63 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம். தொடர்ந்து இரண்டு இரவு ரயிலில் முடியுமா?

செல்லம்மாள்_பேத்தி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி! அம்மாவுக்கு ஐந்து ஊர் வேண்டாம். மூன்று போதும்.

பினாங்கு_மலர்:
கோலாலம்பூரில் நாள்களைக் கூட்டுங்கள். சாப்பாட்டுக்கு அம்மா கஷ்டப்படவே மாட்டார்கள், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வாழையிலைச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். சித்திரை முதல் நாள் கோயிலுக்கும் போகலாம். பத்துமலையில் 272 படி, முழங்கால் வலி என்றால் கீழே இருந்தே 42.7 மீட்டர் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரட்டும்.

ஆறுமுகம்_க:
ஒரு சின்னத் திருத்தம். மலேசியாவின் தலைநகரம் புத்ராஜெயா அல்லவா? அரசு அலுவலகமெல்லாம் அங்கே போய்விட்டதே.

பினாங்கு_மலர்:
இல்லைங்க. 1999-இல் நிர்வாகம்தான் அங்கே போனது. நாடாளுமன்றமும் மாமன்னர் அரண்மனையும் கோலாலம்பூரில்தான். சட்டப்படி தலைநகரமும் அதுவே.

ஆறுமுகம்_க:
பிரதமர் அலுவலகம் இருக்கிற ஊர்தானே நடைமுறையில் தலைநகரம்? அந்தக் கணக்கில் இந்தோனேசியாவும் ஜகார்த்தாவை விட்டு நுசந்தாராவுக்குப் போகிறது.

பினாங்கு_மலர்:
அப்படிப் பார்த்தால் அலுவலகம் மாறும்போதெல்லாம் தலைநகரத்தை மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் படித்தது கோலாலம்பூர்தான். அம்மாவோடு போகிறவர்களுக்குப் பார்க்க நிறைய இருப்பதும் இங்கேதான்.

நடைவண்டி:
தலைநகர விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். வைகைக்கரை, நேரடியாகச் சொல்கிறேன். 10 முதல் 16 வரை கோலாலம்பூர், மலாக்காவுக்கு ஒரு நாள். 16 காலை விமானத்தில் பாங்காக், அப்போது தண்ணீர்த் திருவிழா அடங்கியிருக்கும். 19-ஆம் தேதி ஹனோய். மொக் பாய் விசாவை மறந்துவிட்டு நொய் பாய் விமான நிலையம் என்று போட்டுப் புதிதாக விண்ணப்பியுங்கள். 25 டாலர் போனால் போகட்டும், அம்மாவோடு குடிநுழைவு வரிசையில் நின்று தவிப்பதை விட அது மேல். தாய்லாந்து போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும், 2025 மே முதல் அது கட்டாயம்.

கல்தச்சன்:
எல்லோரும் புனோம் பென்னை இவ்வளவு சுலபமாக வெட்டிவிட்டீர்களே. எனக்கு மனசு கேட்கவில்லை. 1920-இல் திறந்த தேசிய அருங்காட்சியகம், சிவப்புக் கூரைக்குக் கீழே கெமர் (பழைய கம்போடிய) அரசர் காலத்து விஷ்ணு, ஹரிஹரன், கோவர்த்தனம் தூக்கும் கிருஷ்ணன். நம் கோயில் சிற்பம் பார்த்து வளர்ந்தவர்கள் முன்னால் நின்றால் அப்படியே நின்றுவிடுவார்கள். கிருஷ்ணனின் தூக்கிய கைக்குக் கீழே அந்த விலாவின் வளைவை நான் அரை மணி நேரம் பார்த்தேன். இந்த முறை முடியாவிட்டால் தனியாக ஒரு முறை நவம்பரில் போங்கள். விமானத்தில் போனால் 2025 செப்டம்பரில் திறந்த தேச்சோ நிலையம், ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கிழிந்த டாலர் நோட்டு கொண்டு போகாதீர்கள், ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள்.

ரயில்நேசன்:
கோலாலம்பூர் - பாங்காக் மட்டுமாவது ரயிலில் போகலாம். கீழ்ப் படுக்கை எடுத்தால் அம்மா ஏற வேண்டியதில்லை.

செல்லம்மாள்_பேத்தி:
அந்த வாரம் கீழ்ப் படுக்கை கிடைத்தால் பார்க்கலாம். அப்புறம் சாப்பாடு: பாங்காக்கில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்டிருக்கும் கடை, ஹனோயில் 'சாய்' என்று எழுதிய கடை. இரண்டும் பௌத்த சைவம், மீன் சாறு விழாது. 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் போதாது, மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். சீலோமில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலையும் அம்மாவுக்குக் காட்டுங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நடைவண்டி சார் சொன்ன மாதிரியே விமானம் போட்டுவிட்டேன். புது விசாவுக்கும் இப்போதுதான் பணம் கட்டினேன். ரயில் இல்லை, அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

வடமராட்சி:
நல்லது. பேர் விசயம் பார்த்தீங்களோ?

செல்லம்மாள்_பேத்தி:
ஆமாம், அதைக் கேட்க மறந்துவிட்டேன். அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியா? என் பாஸ்போர்ட்டில் காலி. டிக்கெட்டில் அப்பா பெயரைச் சேர்த்துப் போட்டேன், விசாவில் என் பெயர் மட்டும் இருந்தது. சென்னை கவுண்டரில் நாற்பது நிமிடம் ஓரமாக நிற்க வைத்தார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறியோடு இரண்டு வரி இருக்கும், மேல் வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் வர வேண்டும். விண்ணப்பத்தில் எப்படிப் போட்டீர்கள்?

செல்லம்மாள்_பேத்தி:
வைகைக்கரை, பார்த்தீர்களா? இன்றே திருத்தினால் நேரம் இருக்கிறது.