‘-லாம்’ எல்லாம் ‘கேன்’ ஆகிவிடுகிறது: வாக்கியங்கள் தந்து உதவுங்கள்

ஆங்கில ஆசிரியர்களுக்கு வணக்கம். யோசனை சொல்லும்போது வரும் ‘கேன்’, ‘குட்’, ‘ஷுட்’ போன்ற மோடல் துணைவினைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பயிற்சித் தாள் ஒன்று தயாராகிறது. சிக்கல் ‘-லாம்’ விகுதியில்.

‘டாக்டரைப் பார்க்கலாமே’ என்பதைப் பிள்ளைகள் ‘யூ கேன் ஸீ எ டாக்டர்’ என்று எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அனுமதி கொடுப்பதுபோலவும் ஒலிக்கும். ‘குட்’ போட்டால் யோசனை என்பது தெளிவு. ‘ஷுட்’ என்றால் அறிவுரை. ‘யூட் பெட்டர்’ என்றால் ‘பார்க்காவிட்டால் வினை’ என்ற எச்சரிக்கை, மேலதிகாரியிடம் வாய்தவறியும் வரக் கூடாது. ‘ஷுட் கோ’ என்பதை ‘ஷுட் டு கோ’ என்று எழுதும் பிழை சீக்கிரம் திருந்திவிடுகிறது.

திணறல் இறந்தகாலத்தில்தான். ‘சொல்லியிருக்கலாம்’ ஒரே சொல். ‘நீ என்னிடம் சொல்லியிருக்கலாம்’ என்ற குறைக்கு ‘யூ குட் ஹேவ் டோல்ட் மீ’. ‘அவர் சொல்லியிருக்கலாம், தெரியவில்லை’ என்ற ஊகத்துக்கு ‘ஹீ மே ஹேவ் டோல்ட் தெம்’. பிள்ளைகளோ இரண்டுக்கும் ‘கேன் ஹேவ்’ போடுகிறார்கள்.

குறைக்கு 5, ஊகத்துக்கு 5 தமிழ் வாக்கியங்கள் வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதையும் எழுதுங்கள். அது தெரியாமல் மோடலைத் தேர்வு செய்ய முடியாது.

இன்னொன்று: ‘பேசாம ஆட்டோவிலேயே போயிடலாம்’ என்பதற்கு ‘வீ மைட் ஆஸ் வெல் டேக் ஆன் ஆட்டோ’ கச்சிதமாகப் பொருந்துகிறது. பத்தாம் வகுப்புக்கு இது தாங்குமா, பிளஸ் ஒன்னுக்குத் தள்ளலாமா?