கோபி மீனும் துப்பாக்கி இறாலும் ஒரே தொட்டியில்: உங்கள் அனுபவம் என்ன?

குடந்தை மீன்தொட்டி:
என் கடல்நீர்த் தொட்டிக்கு மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்ற சிறு மீன்தான் முதலில் வந்தது. பாறை மறைவில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கிடக்கும். பிறகு டைகர் பிஸ்டல் என்ற வகைத் துப்பாக்கி இறாலை வாங்கி அதே மூலையில் விட்டேன். மறுநாள் காலையில் பாறைக்கடியில் ஒரு வளை. வாசலில் கோபியின் தலை. சேர்த்துவைக்க நான் எதுவும் செய்யவில்லை.

இறாலுக்குக் கண்பார்வை மிகவும் மங்கல். மணலை அள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையைக் கோபியின் உடம்பில் வைத்தபடியேதான் வரும். ஆபத்து என்றால் கோபி வாலைச் சிலிர்க்கும், இறால் உள்ளே போய்விடும். மிரட்சி அதிகமானால் கோபியும் வளைக்குள் தலை முன்னாகப் பாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் நான் கடந்துபோனால் வெறும் வால்சிலிர்ப்புதான். என் மனைவி துடைப்பத்துடன் வந்தால் பாய்ச்சல்!

முதல்முறை இரவில் ‘டக்’ என்று கேட்டபோது கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று அம்மா எழுந்து வந்துவிட்டார். கொடுக்குகள் மோதுவதால் வரும் சத்தம் இல்லை அது. இறாலின் பெரிய கொடுக்கு மூடும் வேகத்தில் நீர் பீறிட்டு, ஒரு குமிழி உண்டாகி, அது நொறுங்கும்போது எழுவது. 2000ஆம் ஆண்டில்தான் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து இதை நிறுவினார்கள்.

நாகைக்காரன்:
குடந்தை அண்ணன் மணலைப் பற்றிச் சொல்லவில்லையே. விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரே சீரான பொடிமணலில் வளை நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும். பொடிமணலோடு பருமணலும் உடைந்த மட்டி ஓடும் கலந்து போடுங்கள். இறால் ஓட்டுத் துண்டுகளைக் கொண்டுதான் கூரைக்கு முட்டுக் கொடுக்கிறது. பாறைகளை மணல்மேல் வைக்கவே கூடாது. முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடியில் பாறை, பிறகு மணல். இல்லையென்றால் இறால் தோண்டத் தோண்டப் பாறை சாயும்.

மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்று எவராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அடுத்தது வெயில். சித்திரையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. 25, 26 இருந்தால் நல்லது. நீர்மட்டத்துக்கு மேலே சிறு மின்விசிறி வைத்தால் சூடு இறங்கும். ஆனால் நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறும். எவ்வளவு நீர் குறைந்ததோ அவ்வளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும், தொட்டி நீரின் அடர்த்தி (நன்னீரை 1 என்று கொண்டால்) 1.025-இல் நிற்கும்படி. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் இதற்கு ஆகாது. மூடியாக வலை போடுங்கள். காற்றும் போகும், கோபி துள்ளி வெளியே விழாமலும் இருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பேட்டரி ஏர் பம்ப் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு மின்சாரம் வர நெடுநாள் ஆனது. பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர் பேட்டரியை ஏற்றித் தந்ததால் என் ஜோடி பிழைத்தது.

அலையாத்தி:
நான் தொட்டி வைத்ததில்லை. முத்துப்பேட்டை. நீர் வற்றும் நேரத்தில் படகை நிறுத்தினால் அலையாத்தி வேர்களுக்கிடையே சேற்றிலிருந்து சடசடவென்று வெடித்துக்கொண்டே இருக்கும், சோளம் பொரிவதுபோல. நீங்கள் காசு கொடுத்துக் கேட்கிற சத்தம் எங்களுக்கு இலவசம்! அந்த இறாலைப் பிடித்து கோபியோடு விட்டால் கூட்டுச் சேருமா?

குடந்தை மீன்தொட்டி:
சேரும் என்று நம்பிப் பிடிக்காதீர்கள், தம்பி. இந்த இனத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு; கோபியோடு குடித்தனம் நடத்துபவை சில மட்டுமே. மேலும் அது காப்புக்காடு. கடையில் வாங்கும்போது பெரிய கொடுக்கு இல்லாத இறால் கிடைத்தால் தயங்காமல் விலை குறைத்துக் கேளுங்கள். தோலுரிக்கும்போது மறுபக்கத்துச் சிறிய கொடுக்கே வெடிக்கும் கொடுக்காக வளர்ந்துவிடும். ஒன்று மட்டும்: மீனுக்கு நோய் என்று தாமிரம் கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மீன் பிழைக்கும், இறால் செத்துவிடும்.