லண்டனில் முதல் நாள்: ஈ1-க்குப் போக வேண்டியவன் ஈ14-க்குப் போன கதை

செப்டம்பர் நெருங்கிவிட்டது. லண்டனுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, வந்து இறங்கின அன்னைக்கே என்னென்ன வேலை முடிக்கணும்?" கூடவே வங்கிக் கணக்கு, சிம், டாக்டரிடம் பதிவு, மாணவர் ஆய்ஸ்டர் அட்டை (பஸ், ரயில் பயண அட்டை) என்று ஒரு நீளமான பட்டியலையும் அனுப்புகிறார்கள். அதெல்லாம் அந்த வாரத்தில் மெதுவாக நடக்கும். முதல் நாளில் வேலை மூன்றுதான். அறைச் சாவி கைக்கு வரவேண்டும், ராத்திரி படுக்க ஏதாவது வேண்டும், வீட்டுக்கு ஒரு போன் போடவேண்டும். இந்த மூன்றிலேயே கோட்டை விட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

நான் வந்தது 2023 செப்டம்பர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹீத்ரோ விமான நிலையத்தில் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குத் தானியங்கிக் கதவு கிடையாது. வரிசையில் நின்று அதிகாரியைப் பார்த்துத்தான் போகவேண்டும். என்ன படிப்பு, எங்கே தங்குகிறாய் என்று இரண்டு கேள்வி, அவ்வளவுதான். ஆனால் சேர்க்கைக் கடிதம், காஸ் கடிதம் (வீசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருவது), விடுதி ரசீது மூன்றும் கையில் வைத்திருக்கும் பையில் இருக்கட்டும். என் வரிசையில் ஒரு பையன் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து ஊருக்குள் வர மலிவான வழி பிக்காடில்லி லைன் என்ற சுரங்க ரயில். ஆனால் இரண்டு பெரிய பெட்டியோடு வருபவர்களுக்கு நான் எலிசபெத் லைனைத்தான் சொல்வேன். காசு கூடத்தான், ஆனால் அந்த லைன் நிலையங்களில் லிப்ட் இருக்கும். பழைய அண்டர்கிரவுண்டு நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டுதான். 23 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறிப் பாருங்கள், படிக்க வந்ததே மறந்துவிடும்.

இனி என் கதை. விடுதி இருந்தது மைல் எண்ட் பக்கம். அஞ்சல் குறியீடு "ஈ1", பிறகு ஒரு இடைவெளி, பிறகு "4" என்று தொடங்கி இரண்டு எழுத்து. விடுதிக்காரர்கள் மெயிலில் ஒழுங்காகத்தான் அனுப்பியிருந்தார்கள். போன் செத்துப்போனால் என்ன செய்வது என்று முன்யோசனையாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தது நான்தான். இடைவெளியை விட்டுவிட்டேன். சொன்னதுபோலவே போன் செத்தது. ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் "ஈ14 போகணும்" என்றேன். அவரும் சரியாகவே சொன்னார்: கேனரி வார்ஃப். நான் இறங்கியிருக்க வேண்டிய வொயிட்சேப்பல் என் கண் முன்னாலேயே வந்து போனது. அதற்கு அடுத்த நிறுத்தம் கேனரி வார்ஃப்.

வெளியே வந்தால் கண்ணாடிக் கட்டடங்கள். வங்கிகளும் பெரிய அலுவலகங்களுமாக இருக்கிற இடம் அது, ஞாயிறு மதியம் தெருவில் ஆள் நடமாட்டமே குறைவு. ஒரு கட்டடத்து வாசலில் நின்ற காவலர் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தி ஒரு கோடு போட்டார். "இங்கே ஒரு இடைவெளி, தம்பி" என்கிற மாதிரி சிரித்தார். தன் சார்ஜரையும் கொடுத்து போனுக்கு உயிர் கொடுத்தார். அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். ஊரில் அப்போது ராத்திரி ஏழரை. "வந்து சேர்ந்துட்டேன்மா, ரூம் நல்லா இருக்கு" என்றேன். ரூம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று எழுத்து எப்போதும் ஒரு எண்ணும் இரண்டு ஆங்கில எழுத்தும்தான். அதைத் தனியாகப் பிரித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் பகுதி. இன்னொன்று, எண்ணைப் பார்த்து பக்கம், தூரம் என்று கணக்குப் போடாதீர்கள். 1917-ல் எண் கொடுத்தபோது ஊர்ப்பெயரின் அகரவரிசையில் கொடுத்துவிட்டார்கள். ஈ3 என்பது 'போ' (Bow) என்ற ஊர், ஈ4 சிங்ஃபோர்டு. ஒன்று நகரத்துக்குள், மற்றது ஊரின் விளிம்பில். "ஈ3-ல காலேஜ், ஈ4-ல ரூம், நடந்தே போயிடலாம்" என்று முன்பணம் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

டி7 பஸ் பிடித்து மைல் எண்ட் வந்தேன். லண்டன் பஸ்ஸில் 2014-லிருந்து காசு வாங்குவதில்லை, அட்டையோ போனோ காட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். ரயிலில் நுழையும்போதும் வெளியே வரும்போதும் தொடவேண்டும், அதுவும் ஒரே அட்டையை. காலையில் அட்டை, மாலையில் போன் என்று மாற்றித் தொட்டால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்புக் கணக்கு இரண்டாகப் பிரிந்து காசு போகும்.

சாவி வாங்கி அறையைத் திறந்தால் கட்டில், மெத்தை. அவ்வளவுதான். போர்வை இல்லை, தலையணை இல்லை, விரிப்பு இல்லை. பெரும்பாலான மாணவர் விடுதிகளில் இதுதான் வழக்கம், ஒப்பந்தத்தில் எழுதியும் இருக்கும். யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? சரி, வாங்கிக்கொள்ளலாம் என்று பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினேன். ஐந்து மணிக்கே சாத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அதுவும் காலை 10 முதல் மாலை 6-க்குள். சட்டமே அப்படி. கேனரி வார்ஃபில் தொலைத்த நேரம் அங்கே வந்து கழுத்தைப் பிடித்தது. தெருமுனைச் சின்னக் கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அங்கே ரொட்டி, பால் கிடைக்கும், போர்வை கிடைக்காது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அம்மா பெட்டியில் ஒரு பவானி ஜமுக்காளம் வைத்திருந்தார். எடை பார்க்கும்போது சண்டை போட்டு அதை வெளியே எடுத்தவன் நான். அந்த இடத்தில் ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கரை வைத்தேன். அன்று ராத்திரி அரிசி போட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினால் அடுப்பு 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு அணைகிறது. திரும்ப வைத்தேன், திரும்ப அணைந்தது. நாலு தடவை ஆனபிறகு சமையலறைக்கு வந்த சீனப் பெண் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக் குக்கரின் அடியில் வைத்துக் காட்டினாள். பொத்தென்று கீழே விழுந்தது. இண்டக்‌ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைத்தான் அது மதிக்கும். நீங்கள் பாத்திரக் கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அப்புறம் ரொட்டியில் இட்லிப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவிச் சாப்பிட்டேன். இரண்டு வேட்டியை மடித்துப் போர்த்திக்கொண்டு, ஜாக்கெட்டைக் கழற்றாமல் படுத்தேன். செப்டம்பர்தானே, குளிர் எங்கே என்று நினைக்காதீர்கள். பகலில் தெரியாது, ராத்திரி எலும்புக்குள் போகும்.

ஆகவே ஞாயிறு மாலை வந்து இறங்காதபடி டிக்கெட் போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் விடுதியில் படுக்கைத் தொகுப்பு விற்கிறார்களா என்று முன்பே மெயில் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் மெல்லிய போர்வை ஒன்று கட்டாயம்.

கேட்டவர்களுக்காக இன்னும் கொஞ்சம். நான் வந்தபோது பி.ஆர்.பி. என்ற வீசா அட்டை கொடுத்தார்கள், இப்போது எல்லாமே ஈவீசா, அதாவது இணையத்தில் மட்டும் இருக்கும் வீசா. விமானம் ஏறும் முன்பே யூ.கே.வி.ஐ. (பிரிட்டன் வீசா துறை) இணையக் கணக்கில் நுழைந்து, அதில் உங்கள் பாஸ்போர்ட் எண் சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊர் சிம்முக்கு ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். நம் ஊர் உருண்டைப் பின் சார்ஜர் இங்கே நுழையாது, இங்கே பட்டையான மூன்று பின். மின் அழுத்தம் ஒன்றுதான், அதனால் மாற்றுப் பின் ஒன்று இருந்தால் போதும்.

மாமா ஆசையாகக் கொடுக்கும் பவுண்டு நோட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். காகிதமாக இருந்தால் கடையில் செல்லாது. கடைசியாக இருந்த 20, 50 காகித நோட்டுகளும் 2022 செப்டம்பர் 30-உடன் போய்விட்டன, இப்போது எல்லாம் பிளாஸ்டிக் நோட்டு. நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கொண்டுவர அனுமதி இல்லை. குடிதண்ணீர் காசு கொடுத்து வாங்காதீர்கள், சமையலறைக் குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர். குளியலறையில் மக் இருக்காது, ஷவருக்கு வெளியே தண்ணீர் போக வழியும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் மக்கைப் பெட்டிக்குள் செருகிவிடுங்கள், எடையே இல்லை.

வேலையைப் பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தார். பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். சுயதொழில் கூடவே கூடாது, சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். நண்பனின் கணக்கில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். வீசாவுக்கே ஆபத்து.

தோசைக்கு ஏங்குபவர்கள் முதல் நாளே ஈஸ்ட் ஹாம் ஓடவேண்டாம், அது எங்கேயும் போய்விடாது. மைல் எண்டிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஆறாவது நிலையம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கருவேப்பிலை, முருங்கைக்காய், பொன்னி அரிசி எல்லாம் இருக்கிறது. தெற்கே இருப்பவர்களுக்கு டூட்டிங், வடமேற்கே வெம்ப்ளி, ஹாரோ. ஈழத்து அக்கா ஒருவரின் கடையில் "தம்பி புதுசோ?" என்று கேட்டுவிட்டு, எந்த அரிசி குழையாது என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் குக்கர் இன்னும் என் அலமாரி மேல்தான் இருக்கிறது. ஐந்து லிட்டர், ஊரில் ஒரே ஒரு தடவை விசில் அடித்தது. கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டுக்குக் குடிபோகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மைல் எண்ட் ஸ்டேஷன் வாசலில் வந்து கொடுத்துவிடுகிறேன்.