எடை குறைக்கும் ஆர்வத்தில் உடற்பயிற்சி அளவு மீறியவர்கள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அஸ்தம்பட்டிக் கணக்கர்:

எடையைக் குறைக்கும்போது உடற்பயிற்சி அளவு மீறுமா என்று ஓராண்டுக்கு முன் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், நடக்கச் சோம்பல்படுகிறவர்கள் தேடும் சாக்கு அது என்று சொல்லியிருப்பேன். வலது கால் முன்னெலும்பில் ஒரு விரிசலோடு ஏழு வாரம் வீட்டில் கிடந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன். இந்தக் குழுவின் உறுப்பினர்கள் தங்களுடையதையும் எழுத வேண்டுகிறேன்.

எனக்கு வயது 47. சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், நாளெல்லாம் நாற்காலிதான். சென்ற ஆண்டு பொங்கல் முடிந்து எடை பார்த்தபோது 92 கிலோ காட்டியது. காலையில் காந்தி விளையாட்டரங்கில் ஒரு மணி நேர நடையோடு தொடங்கினேன். மூன்றே வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது. அதில் பெரும்பகுதி நீர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உடல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. உணவைச் சுருக்கியதும் முதலில் கரைவது அதுதான். அந்த நான்கு கிலோ தந்த உற்சாகத்தில் நடையை ஒன்றரை மணி நேரமாக்கினேன். மாலையில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சிக் கூடம், ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டு மலைப்பாதையில் கால்நடையாக ஏற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. காலையில் ஒரு தம்ளர் கேழ்வரகுக் கூழ், மதியம் கீரையோடு இரண்டு சப்பாத்தி, இரவில் ஒரு கிண்ணம் பச்சைப்பயறும் ஒரு கொய்யாவும் என்று சாப்பாடு சுருங்கியது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வதில் எனக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

83 கிலோவில் எடை நின்றது. ஐந்து வாரம் அசையவில்லை. இன்னும் போதவில்லை என்றுதான் நான் அதற்குப் பொருள் கொண்டேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருவதும், பேரேட்டில் ஒரு வரி தவறினால் உதவியாளர் மீது எரிந்து விழுவதும், மாடிப்படி ஏறத் தொடை கனப்பதும் அந்த வாரங்களில்தான் தொடங்கின. ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதில், ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓரிடத்தில் எலும்பு வலித்தது. தசை வலி என்றால் பரவலாக இருக்கும். இதை ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிந்தது. அப்படியும் மேலும் மூன்று வாரம் நடந்தேன்.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே தொடங்கி எலும்பின் ஓரமாகக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நான் காலை இழுத்துக்கொண்டேன். அந்தக் காலில் மட்டும் ஒரு முறை குதிக்கச் சொன்னார், முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தொடர் சுமையால் எலும்பில் விழும் இத்தகைய விரிசல், அதாவது அழுத்த முறிவு, முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் அகப்படாமல் போவது வழக்கம் என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார், அதில் அகப்பட்டது. அதன் பிறகு அவர் கேட்ட கேள்விதான் எனக்குப் புதியது. எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்கவில்லை. “நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டுத் தாளில் எழுதினார்.

கணக்கன் என்பதால் அந்தத் தாளை வீட்டில் வைத்து ஐந்தொகை போட்டேன். வரவு ஏறக்குறைய 1200 கலோரி. நடையும் உடற்பயிற்சிக் கூடமும் சேர்ந்து செலவு 700. மிச்சம் 500 கலோரியில்தான் என் இதயமும் மூளையும் ஈரலும், அன்றாடம் தேய்ந்து அன்றாடம் புதுப்பித்துக்கொள்ளும் எலும்பும் வாழ வேண்டியிருந்தது. கொழுப்பு நீங்கிய என் உடல் எடை 60 கிலோ என்று வைத்தால், கிலோவுக்கு எட்டு கலோரிதான் வருகிறது. விளையாட்டு மருத்துவத்தில் 30 கலோரிக்குக் கீழே போவதை எச்சரிக்கை எல்லையாகச் சொல்கிறார்கள். பெண்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த எல்லை அது. சேர்த்து வைத்த கொழுப்பு நிறைய உள்ள நடுவயது ஆணுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எட்டு எங்கே, முப்பது எங்கே! ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது என்பதை மட்டும் மனப்பாடம் செய்து, அதை வேகமாகக் கரைத்துவிடலாம் என்று நம்பியவனுக்கு இந்த இன்னொரு கணக்கு அதுவரை கண்ணில் படவில்லை. மீறியது நடையா, பட்டினியா என்று கேட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றியதுதான் என்பது என் பதில்.

அம்மாபேட்டை அம்மா:

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் என் மகளைப் பற்றி எழுதத் தோன்றியது. அவளுக்கு அப்போது 19 வயது. காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன் என்று சென்ற ஆண்டு ஓட ஆரம்பித்தாள். காலையும் மாலையும் ஓட்டம், இடையில் கயிறு தாண்டுதல். சோற்றை முற்றிலும் நிறுத்திவிட்டாள். 64 கிலோவிலிருந்து 51 கிலோவுக்கு வந்தபோது தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்; பெற்றவள் நானும் மகிழ்ந்தேன் என்பதுதான் இன்று எனக்கு வருத்தம்.

முதலில் நான் கவனித்தது சீப்பில் சுற்றிக்கொண்டு வந்த முடியை. பிறகு, சேலத்து மே மாத வெக்கையில், நாங்கள் எல்லாரும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்த இரவுகளில், அவள் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். குளிர்கிறது என்றாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கை சில்லென்று இருந்தது. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதை அன்றிரவுதான் சொன்னாள். ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும், தொல்லை விட்டது என்று தோழிகள் சொன்னார்களாம்.

மகப்பேறு மருத்துவர் ஸ்கேன், தைராய்டு எல்லாம் பார்த்தார். கர்ப்பப் பரிசோதனையும் எடுக்க வேண்டும் என்றபோது நான் முகம் சுளித்தேன். மாதவிலக்கு நின்றால் யாருக்கும் அதுதான் முதல் பரிசோதனை என்று அவர் பொறுமையாக விளக்கினார். எல்லாம் சரியாகவே இருந்தன. உணவு போதாமல் ஓடும் உடல், இப்போதைக்கு அவசியம் இல்லை என்று கருதும் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறது என்றும், அதில் மாதவிலக்கு முன்வரிசையில் நிற்கிறது என்றும், அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்து எலும்பும் மெலியும் என்றும் அவர் சொன்னார். ஆண், பெண் இருவருக்கும் வரக்கூடிய இந்த ஆற்றல் குறைபாட்டைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே தனியாகப் பெயரிட்டு எச்சரித்திருக்கிறதாம். பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, மதியம் சோறும் பருப்பும், இரவில் முட்டையும் சேர்த்தோம். மாதவிலக்கு திரும்ப ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் நாங்கள் பட்ட பாட்டை எழுத எனக்கு மனம் இல்லை.

இரும்பாலை ஓய்வூதியர்:

மன்னிக்க வேண்டும், நான் சற்று மாறுபட்டு எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. நம் ஊரில் அந்த 150 நிமிடத்தைத் தொடுகிறவர்களே குறைவு. பத்து நிமிடம் நடந்துவிட்டு, வியர்வை காயும் முன்னே தட்டுவடை செட்டுக்கு வரிசையில் நிற்கும் என் நண்பர்கள் இந்தப் பதிவுகளைப் படித்தால், பார்த்தாயா, நடந்தால் எலும்பு உடையும் என்று நாளையிலிருந்து அதையும் நிறுத்திவிடுவார்கள். நான் 61 வயதில் ஆரம்பித்தேன்; நாளும் முக்கால் மணி நேரம் நடை, இரவில் சோற்றுக்குப் பதில் இரண்டு இட்லி. இரண்டு ஆண்டில் 11 கிலோ குறைந்தது. எலும்பும் உடையவில்லை, முடியும் கொட்டவில்லை. கொட்டுவதற்கு ஏற்கெனவே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஏற்காடு எஸ்டேட் ரைட்டர்:

பெரியவர் சொல்வதும் நியாயமே. எங்கள் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் காலத்தில் பெண்கள் விடிந்தது முதல் சரிவில் ஏறி இறங்கி, மாலையில் மூட்டையைத் தலையில் வைத்து எடை போடும் இடத்துக்குக் கொண்டு வருகிறார்கள். நேரத்தை மட்டும் பார்த்தால் எந்த உடற்பயிற்சிக் கூடமும் அதற்கு ஈடாகாது. ஆனால் அவர்கள் சிறு வயது முதல் பழகியவர்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு வருகிறவர்கள். மூட்டையை இறக்கியதும் பேச்சு வளர்த்து உட்காரத் தெரிந்தவர்கள். கீழேயிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர்களிடம்தான் நான் விபரீதங்களைப் பார்க்கிறேன்.

இரண்டாண்டுக்கு முன், எங்கள் தோட்டத்து விடுதியில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தங்கினார். திருமணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. அதற்குள் எட்டு கிலோ குறைக்க வேண்டும் என்று வைராக்கியம். ஆறு மாதமாக எந்தப் பயிற்சியும் இல்லாதவர், நண்பரோடு பந்தயம் கட்டி முந்நூறு முறை உட்கார்ந்து எழுந்தார். மறுநாள் வெறும் வயிற்றோடு சேர்வராயன் கோயில் வரை ஓடிப் போய் ஓடித் திரும்பினார். மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழ அவருக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தொடை கல்லைப் போல இறுகி வீங்கியிருந்தது. சாதாரணப் பயிற்சி வலிதான், இரண்டு நாளில் போய்விடும் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி என்னை அழைத்து, சிறுநீர் ஒரு மாதிரியாகப் போகிறது என்றார். போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

வளைவுகளில் வண்டி ஆடும்போதெல்லாம் அவர் முனகியது இன்னும் நினைவிருக்கிறது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பழக்கமில்லாத தசையை ஒரேயடியாக வதைத்ததில் தசை இழைகள் சிதைந்து, உள்ளிருந்த புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் சி.கே. என்னும் நொதி சில நூறுக்குள் இருக்க வேண்டும், அது அவருக்குப் பல ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நான்கு நாள் விடாமல் சலைன் ஏற்றினார்கள். டயாலிசிஸ் தேவைப்படாமல் தப்பினார். ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றத்தைத்தான் எல்லாரும் அஞ்சுகிறார்கள். ஆனால் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவது இறக்கத்தில்தான், அதிகம் சிதைவதும் அப்போதுதான் என்று அந்த மருத்துவர் சொன்னார். ஆகவே கணக்கர் ஐயா, ஏறிய பிறகு பேருந்தில் இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடை:

சுருக்கமாக என்னுடையது. நான் சர்க்கரை நோயாளி. கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை குறைக்க இரவு உணவை விட்டுவிட்டு, விடிகாலையில் மூக்கனேரிக் கரையில் இரண்டு மணி நேரம் நடந்தேன். மாத்திரையை மட்டும் குறைக்கவில்லை. ஒரு நாள் கை நடுங்கி, கண் இருண்டு, கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடன் நடந்தவர் வைத்திருந்த கருவியில் பார்த்தால் சர்க்கரை 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். மாத்திரையின் அளவை மருத்துவர் அதன் பிறகு குறைத்தார். இப்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் நான் நடப்பதில்லை. இன்சுலினோ இவ்வகை மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் பயிற்சியைக் கூட்டும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேர்லேண்ட்ஸ் பிசியோ:

இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். அம்மாபேட்டை அம்மா எழுதிய அந்தக் குளிர் புதிதல்ல. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி மட்டும் கொடுத்து, வாரம் 35 கிலோமீட்டர் நடக்க வைத்தார். ஆறு மாதத்தில் அவர்கள் எடையில் நான்கில் ஒரு பங்கு போனது, குளிர் தாங்க முடியவில்லை, நாடித்துடிப்பு குறைந்தது, உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போனது. அந்த 1570 கலோரிக்கு அரைப்பட்டினி என்று பெயரிட்டார்கள். நம் ஊரில் அதைவிடக் குறைவானதை உணவுத் திட்டம் என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

என்னிடம் வருகிறவர்களிடம் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள் என்பதைவிட, ஒரு நாள் நிறுத்த முடிகிறதா என்பதைத்தான் கவனிக்கிறேன். குதிகால் வலியோடு வந்த ஒருவரைப் பத்து நாள் ஓய்வில் இருக்கச் சொன்னேன். ஓய்வில்தான் இருக்கிறேன் என்று சாதித்தார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோது முந்தைய நாள் 22,000 அடிகள் பதிவாகியிருந்தன. அவருடைய மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது செய்தி. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு கணவர் மொட்டை மாடியில் நடந்திருக்கிறார். ஒரு நாள் விட்டால் எடை ஏறிவிடுமோ என்ற பயம் அவரைத் தூங்க விடவில்லை. அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு என் சிகிச்சை போதாது. மனநல ஆலோசனைக்கும் அனுப்புகிறேன், அதற்குக் கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

நீங்களாகவே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடியை எண்ணிக் குறித்து வாருங்கள். வழக்கத்தைவிடப் பல நாள் தொடர்ந்து கூடினால் உடல் இன்னும் ஆறவில்லை என்று கொள்ளலாம். சாப்பாடு போதாதவர்களுக்கு நேர்மாறாக அது குறைந்துகொண்டே போகவும் செய்யும். கணக்கர் ஐயா எழுதிய இரண்டு மணி விழிப்பும் எரிச்சலும் இதே வரிசைதான். இன்னொன்று, நடை மட்டும் போதாது; வாரம் இரண்டு நாளாவது பளு தூக்கும் பயிற்சியும், போதிய பருப்பு, பயறு, முட்டை, தயிரும் இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும்.

அஸ்தம்பட்டிக் கணக்கர்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவரின் கவலை எனக்கும் உண்டு. ஆகவே நான் நடையை விடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வாரம் ஐந்து நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். இரண்டு நாள் பளு. சாப்பாடு 1900 கலோரி அளவில். எடை 79. சென்ற ஆண்டு நான் போட்ட திட்டப்படி ஆடி மாதமே 72-க்கு வந்திருக்க வேண்டும். மலைப்பாதையில் இன்னும் ஏறவில்லை. ஏறினால் எஸ்டேட் ரைட்டர் சொன்னபடி பேருந்தில்தான் இறங்குவேன்.

அம்மா, ஒன்று கேட்கலாமா? மறுபடி மே மாதம் வந்துவிட்டதே, உங்கள் மகள் இப்போது எப்படி இருக்கிறாள்?

அம்மாபேட்டை அம்மா:

நன்றாக இருக்கிறாள் ஐயா. 56 கிலோ. நேற்று இரவு மின்விசிறியை ஐந்தில்தான் வைக்க வேண்டும் என்று தம்பியோடு சண்டை போட்டாள்.